ஆடிக்கு முன்னால் ஒரு கப்பல் பயணம்

உத்திரமேரூரில் கடல் கிடையாது. ஏரி உண்டு. பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் என்று பெயர் வாங்கிய பெரிய ஏரி. அந்தக் கரையில் வளர்ந்த நான் தேனிலவுக்குக் கப்பலில் போய் வந்தேன் என்றால் எங்கள் தெருவில் இன்றைக்கும் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேர் கேள்வி கேட்கிறார்கள். எவ்வளவு ஆச்சு? வாந்தி வருமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? இலங்கையில் இறங்க விடுவார்களா? அந்தப் பணத்துக்குக் கேரளா முழுக்கச் சுத்தியிருக்கலாமே? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான், காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் கல்யாணம் வைகாசியில் நடந்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பெண் ஓர் ஊரில், மாப்பிள்ளை ஓர் ஊரில். அதனால் எங்கே போவதாக இருந்தாலும் ஆனிக்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். அந்த ஒரு மாதத்திலும் மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் என்று பாதி நாள் ஓடிவிடும்.

எங்கே போவது என்று வீட்டில் பேச்சு எடுத்ததும் ஆளாளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். அண்ணன் ஊட்டி. மாமா குருவாயூர். அத்தை, "முதல்ல திருப்பதி, அப்புறம் எங்க வேணா போங்க" என்று முடித்துவிட்டார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபைத் தேர்தலுக்கான குடவோலை விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் எங்களுடையது. முப்பது குடும்பு (வார்டு மாதிரி), குடும்புக்கு ஒருவர், பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொல்வது என்று அவ்வளவு ஒழுங்கு அதில். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சத்தம் அடங்கியதும் என் வீட்டுக்காரர் போனை எடுத்து ஒரு விளம்பரத்தைக் காட்டினார். சென்னைத் துறைமுகத்தில் ஏறி இலங்கையின் மூன்று துறைமுகங்களைப் பார்த்துவிட்டுச் சென்னையிலேயே வந்து இறங்கும் கப்பல்.

ஆயா மட்டும் கேட்டாள்: "கப்பலா? எங்க, ரங்கூனுக்கா?"

ஆயா கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் கப்பல் ஏறியதெல்லாம் பிழைப்புக்குத்தான். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-ம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் பர்மா, மலேயா, மொரிஷியஸ் என்று எத்தனையோ கப்பல்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926-லிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலாவில், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசுகிறார்கள். சும்மா சுற்றிப் பார்க்கக் கப்பல் ஏறுவது என்பது ஆயாவின் காலத்தில் வெள்ளைக்காரர்கள் செய்கிற காரியம்.

கப்பல் ஏன் ஆனியில் சென்னைக்கு வருகிறது?

இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நாங்கள் போன கப்பலின் பெயர் எம்பிரஸ், நடத்துவது கொர்டேலியா நிறுவனம். வருடத்தின் பெரும்பகுதி மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று மேற்குக் கரையில் ஓடும். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. அரபிக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் நம் பக்கத்து வங்கக் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும், நமக்குப் புயல் காலம் ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால் கப்பல் கிழக்கே வந்துவிடுகிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து முதல் பயணத்தை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 2023 ஜூன் 5-ம் தேதி, 17.21 கோடி ரூபாயில் அமைத்த பயணிகள் கப்பல் முனையம் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டு, இலங்கைப் பயணமும் ஆரம்பித்தது. வைகாசியில் தாலி கட்டியவர்களுக்காகவே யாரோ நாள் பார்த்த மாதிரி இருக்கிறது இந்தக் கணக்கு.

கப்பலுக்கும் பழைய கதை உண்டு. 1990-ல் பிரான்சில் கட்டியது. அப்போது பெயர் நார்டிக் எம்பிரஸ். அமெரிக்காவின் மயாமியிலிருந்து பகாமாஸ் தீவுகளுக்கு மூன்று, நான்கு இரவுப் பயணம் போய் வருவதற்கென்றே திட்டமிட்ட கப்பல். பல பெயர் மாறி, கைமாறி, நம்மிடம் வந்திருக்கிறது. ஏறக்குறைய 210 மீட்டர் நீளம், 11 தளங்கள். அங்கே எத்தனை தேனிலவுத் தம்பதிகளைச் சுமந்ததோ!

வழியனுப்பப் போன வேன்

உத்திரமேரூரிலிருந்து துறைமுகம் போவது லேசு. செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை ஒரே மின்சார ரயில், இறங்கினால் எதிரே துறைமுகம். நாங்கள் அப்படிப் போகவில்லை. சொந்தக்காரர்கள் வேன் பிடித்துவிட்டார்கள். சித்தப்பா, சித்தி, பிள்ளைகள், புளிசாதம், தயிர்சாதம் சகிதம் எல்லோரும் கப்பலைப் பார்க்கக் கிளம்பி வந்தார்கள். துறைமுக வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருப்பவர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. கப்பலின் புகைக்கூண்டைக்கூடப் பார்க்க முடியாமல் அத்தனை பேரும் மெரினா போய்ப் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்தக் கோபம் சித்திக்கு இன்னும் தீரவில்லை. உங்களை வழியனுப்ப யாராவது வருகிறேன் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உள்ளே போனதும் விமான நிலையம் மாதிரிதான் எல்லாம். பெட்டிச் சோதனை, குடியேற்றப் பிரிவு, பாஸ்போர்ட்டில் முத்திரை. துறைமுகம் கட்டுவதற்கு முந்தைய காலத்தில் சென்னையில் கப்பல் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நிற்கும், மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டி ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகுகள் அவை. இப்போது ஏ.சி. முனையத்தில் உட்கார்ந்து பெயர் கூப்பிடக் காத்திருக்கிறோம்.

ஏறியவுடன் முதல் வேலை அவசரகாலப் பயிற்சி. ஏழு குட்டிச் சங்கும் ஒரு நீளச் சங்கும் ஒலித்தால் எந்த இடத்துக்கு வந்து நிற்க வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று காட்டுவார்கள். புதுச்சேலையும் புதுத்தாலியுமாக அதன்மேல் அந்த ஆரஞ்சு அங்கியைக் கட்டிக்கொண்டு நின்றவர்களில் நான் ஒருத்தி மட்டும் இல்லை. சுற்றிப் பார்த்தால் மருதாணி அழியாத கைகள் நிறைய தெரிந்தன.

தண்ணீர் மட்டும் தெரிகிற நாள்

சென்னையிலிருந்து முதலில் இலங்கையின் தென்கரையில் இருக்கும் அம்பாந்தோட்டைக்குப் போகிறோம். மேப்பைப் பார்த்தால் ராமேஸ்வரம் பக்கமாக நேரே இறங்கிவிடலாம் போலத் தோன்றும். முடியாது. பாக் நீரிணை ஆழம் குறைந்தது, ராமர் பாலம் பக்கம் இன்னும் மேடு. 2005-ல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் அந்த வழியை ஆழப்படுத்தத்தான் வந்தது, பாதியில் நின்றுவிட்டது. அதனால் பெரிய கப்பல்கள் இலங்கையின் கிழக்குப் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சுற்றில்தான் எங்களுக்கு ஒரு முழு நாள் கரையே தெரியாத நாளாகக் கிடைத்தது.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னல் போய்விட்டது. கப்பலில் வைஃபை உண்டு, தனிக் காசு. இவர், "வாங்கலாமா?" என்றார். "வேண்டாம்" என்றேன். இந்தப் பயணத்தில் நாங்கள் சேர்ந்து எடுத்த முதல் நல்ல முடிவு அதுதான்.

எங்களுடையது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் போனில் பேசியதெல்லாம் "சாப்பிட்டீங்களா?", "தூங்கலையா?" வகைதான். கல்யாணத்துக்குப் பிறகோ வீடு நிறைய ஆட்கள். ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கும் சொந்தங்களைத் தாண்டித்தான் எங்கள் அறைக்கே போக வேண்டும். கதவைச் சாத்தினால் ஐந்து நிமிடத்தில் ஒரு குழந்தை வந்து தட்டும். பகலில் இவரோடு நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால், "என்ன ரகசியம்?" என்று ஒரு கேலி. யாரையும் குறை சொல்லவில்லை. கூட்டுக்குடும்பத்தில் அன்பு இருக்கும், இடம் இருக்காது.

அந்தக் கடல் நாளில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்தளத்தில் நிழலாக இரண்டு நாற்காலி பிடித்தோம். ஒருபக்கம் நீச்சல் குளத்தில் பாட்டும் கூத்தும். மறுபக்கம் தண்ணீர். பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லாததால் பேச ஆரம்பித்தோம். ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து இவர் வீடு வர இரவு பதினொன்றாகும் என்பது எனக்குத் தெரியும். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பது தெரியாது. அன்றைக்குச் சொன்னார். நான் பி.எட். முடித்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதாமல் விடமாட்டேன் என்பது தெரியாது. நானும் சொன்னேன். ஒரகடம் பக்கத்தில் தனி வீடு பார்ப்பதா, மாமனார் வீட்டிலேயே இருப்பதா என்று வாக்குவாதம் வந்தது. கோபித்துக்கொண்டு எழுந்து போக இடம் இல்லை. போனாலும் அதே கப்பல்தான். சாயங்காலத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தோம். இரண்டு வருடம் மாமனார் வீட்டில், கடன் முடிந்ததும் தனி வீடு, நடுவில் நான் தேர்வு எழுதிவிடுவது. மூன்றாவது ஆள் கேட்காமல் நாங்கள் பேசி முடித்த முதல் விஷயம் அது.

ராத்திரி அரங்கில் ஆட்டம், பாட்டு, மேஜிக். கப்பலில் சூதாட்டக் கூடமும் உண்டு. இதனால்தான் 2022-ல் புதுச்சேரியில் இறங்க அனுமதி கிடைக்காமல் கப்பல் திரும்ப வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் ஒருவழியாகப் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது. நாங்கள் அந்தச் சூதாட்டக் கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி.

மூன்று துறைமுகம்

அம்பாந்தோட்டை என்றதும் செய்தித்தாளில் படித்தது நினைவுக்கு வரும். 2017-ல் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குப் போன துறைமுகம். ஊர் அமைதியானது. உப்பளங்களும் பறவைகளும்தான் அழகு. பக்கத்தில் பூந்தல தேசியப் பூங்கா, ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இலங்கையிலிருந்து முதலில் இடம்பெற்றது. வேடந்தாங்கல் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது பழகிய காட்சியாகத்தான் இருக்கும். நாங்கள் கதிர்காமம் போனோம். அருணகிரிநாதர் பாடிய தலம். கருவறையில் சிலை தரிசனம் கிடையாது. திரைக்கு வெளியேதான் வழிபாடு, பூசை செய்பவர்கள் சிங்களவர்கள். மாணிக்க கங்கையில் கால் நனைத்துவிட்டு வந்தோம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாகவே வாரக்கணக்கில் நடந்து இங்கே வரும் பாத யாத்திரைக்காரர்கள் உண்டு. அவர்கள் கால்வலிக்க நடக்கிற அந்தக் கரையை ஒட்டித்தான் எங்கள் கப்பல் அன்றிரவு வடக்கே திரும்பியது.

அடுத்தது திருகோணமலை. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். இயற்கையாக அமைந்த ஆழமான துறைமுகம். போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஃபிரடெரிக் கோட்டைக்குள் நுழைந்தால் மான்கள் பாட்டுக்குத் திரிகின்றன. அதன் உச்சியில் கடலுக்கு மேலே கோணேஸ்வரம். ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோயிலை 1620-களில் போர்த்துகீசியர் இடித்தார்கள். இப்போது இருப்பது பின்னாளில் எழுந்தது. நிலாவெளியும் புறாத் தீவும் போனால் பவளப் பாறைகளைப் பார்க்கலாம். கோயிலும் கடலும் ஒரே நாளில் முடியாது, நாங்கள் கோயிலை எடுத்துக்கொண்டோம். ஆட்டோ ஓட்டிய அண்ணன், "தங்கச்சி, கன்னியா வெந்நீர்க் கிணறு பாக்காமப் போகக் கூடாது" என்று அங்கேயும் கொண்டுபோய்க் காட்டினார். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூடு.

கடைசியாகக் காங்கேசன்துறை. இந்தக் கப்பல் அங்கே முதன்முதலாகப் போனது 2023 ஜூன் 16-ம் தேதி. நேரம் குறைவு. கீரிமலைக் கேணி, நகுலேஸ்வரம், மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போனால் நல்லூரும், 1981-ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ்ப்பாணம் நூலகமும். வழியில் கூரையில்லாத வீடுகளின் சுவர்கள் தெரிந்தன. வலிகாமம் வடக்கு பல ஆண்டுகள் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த பகுதி, சொந்த நிலத்துக்கு இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். "எங்கையிருந்து வாறியள்?" என்று கேட்ட கடைக்கார அம்மாவிடம் காஞ்சிபுரம் என்றேன். "ஓம், பட்டுச்சேலை" என்று சிரித்தார். அவரிடம் பனங்கட்டி வாங்கினேன். சுற்றுலாக்காரியாக அந்தச் சுவர்களைப் படம் எடுக்க மனம் வரவில்லை.

மூன்று ஊரையும் "பார்த்தேன்" என்று சொன்னால் அது பொய். காலையில் இறங்கினால் சாயங்காலத்துக்குள் ஏறியாக வேண்டும். கப்பல் ஏற்பாடு செய்த பஸ்ஸில் போனால் தாமதமானாலும் நமக்காக நிற்பார்கள். நாமே ஆட்டோ பிடித்துப் போய்ப் பிந்தினால் கப்பல் நிற்காது. ஊர் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் விமானத்தில் போய் ஒரு வாரம் தங்குவதே சரி.

காசு, வாந்தி, சாப்பாடு

டிக்கெட்டில் அறை, பஃபே சாப்பாடு, அரங்க நிகழ்ச்சிகள் அடக்கம். துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் டிப்ஸ், கரைச் சுற்றுலா, குளிர்பானம், வைஃபை இதெல்லாம் தனி. விளம்பரத்தில் பார்க்கும் தொகை வேறு, கையிலிருந்து போகும் தொகை வேறு. "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அறையில் மூன்று வகை. ஜன்னல் இல்லாத உள்ளறை மலிவு. கடல் பார்த்த ஜன்னல் அறை நடுத்தரம். பால்கனி அறை விலை கூட. தேனிலவுக்கு ஜன்னல் அறை போதும். உள்ளறையில் விடிந்ததா இருட்டியதா என்றே தெரியாது.

வாந்தி சிலருக்கு வரும், சிலருக்கு வராது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவாக்கில் அறை கேளுங்கள். சீசாப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் தெரியாத கதைதான் அது. டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே போட வேண்டும். வெறும் வயிறு கூடாது. தொடுவானத்தைப் பார்த்தால் தலைசுற்றல் குறையும், போனைப் பார்த்தால் கூடும்.

சைவம், ஜைன உணவு எல்லாம் தனியாகவே உண்டு. இட்லியும் சாம்பாரும் கிடைக்கும். அத்தை வீட்டுச் சாம்பாரை எதிர்பார்க்காதீர்கள்.

பாஸ்போர்ட் கட்டாயம், ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். புதுப்பெண்கள் பெயர் மாற்றுகிறேன் என்று அவசரப்பட வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே டிக்கெட் போடுங்கள். இலங்கை விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, புக் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிடக் குறைந்த செலவில்

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அரசுக் கப்பல் இருக்கிறது. ஏறக்குறைய 60 மணி நேரம். படுக்கை வகுப்பிலிருந்து தனி அறை வரை உண்டு. ஆட்டம் பாட்டம் எதுவும் கிடையாது, கடல் அதே கடல்தான். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு 'சமுத்திரம்' என்ற அரசுத் தொகுப்புப் பயணம் உண்டு. இரவில் கப்பல், பகலில் தீவு. ஆனால் மழைக்காலத்தில் ஓடாது, வைகாசிக் கல்யாணக்காரர்கள் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். இலங்கை மட்டும் போதும் என்றால், 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரச் சொச்சம். கிளம்பும் முன் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், வானிலை பார்த்து நிறுத்திவிடுவார்கள்.

கடைசியில் எல்லோரும் கேட்கும் கேள்வி: போன காசுக்குத் தகுமா? தனிக்குடித்தனம் போய்விட்டவர்களுக்கு, நினைத்தபோது கதவைச் சாத்திக்கொண்டு பேச முடிகிறவர்களுக்கு, நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்தக் காசில் கேரளாவே சுற்றுங்கள். எங்களைப் போல நிறைந்த வீட்டில் குடித்தனம் தொடங்குகிறவர்களுக்குத் தகும். அதுவும் கையில் இருக்கும் காசு என்றால் மட்டும். தேனிலவுக்குத் தவணைக் கடன் வாங்காதீர்கள். பயணம் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை துறைமுகம் என்று எண்ணாமல், முழுக் கடல் நாள் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் வசதி இல்லையா? நமக்குப் பக்கத்தில் மாமல்லபுரம் இருக்கிறது. ஓர் அறை எடுங்கள், இரண்டு பேரும் போனை அணைத்து வையுங்கள், ஒரு நாள் முழுக்கப் பேசுங்கள். ஆடி பிறப்பதற்குள் செய்துவிடுங்கள்.